பெரியம்மாவின் காது மிஷின்

அமெரிக்காவில், காதையும் கேட்கும் திறனையும் பற்றிய ஆடியாலஜி படிக்க, இளநிலையிலும் அதையே படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இசை படித்தவர், மொழியியல் படித்தவர், உளவியல் படித்தவர், என்னைப் போல எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் என்று எவரும் விண்ணப்பிக்கலாம். நம் நாட்டில் அந்த வழி இல்லை. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்து, பி.ஏ.எஸ்.எல்.பி. என்கிற நான்கு வருடப் படிப்பை முடித்தால்தான் எம்.எஸ்சி. ஆடியாலஜிக்குப் போக முடியும். பி.இ. முடித்து, வேலைக்கும் போய், முப்பதை நெருங்கும்போது காதைப் பற்றிப் படிக்கும் ஆசை வந்தால், மறுபடி முதலாம் ஆண்டு வகுப்பில் போய் உட்கார வேண்டியதுதான். அப்படி உட்காராமலே நுழையும் வாய்ப்பு எனக்கு இங்கே, அமெரிக்காவில், கிடைத்தது. முதல் முறை அதை வீணாக்கினேன். எப்படி வீணாக்கினேன் என்பதை விவரமாகச் சொன்னால், பின்னால் வருகிற ஒருவருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் எனக்கு ஆடியோ சிப்புகளுக்கு மென்பொருள் எழுதும் வேலை. மைக்கில் வரும் சத்தத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, இரைச்சலைக் குறைத்து, பேச்சை மட்டும் தூக்கிக் கொடுப்பது எப்படி என்பதுதான் பகல் முழுக்க யோசனை. கல்யாணமாகி நியூஜெர்சிக்கு வந்தபோது என் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. படிக்கத் தடை இல்லை. என்ன படிக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான், இன்றைய காதுக்கருவிக்குள் நடப்பது நான் பார்த்துக்கொண்டிருந்த அதே வேலை என்று தெரிந்தது. ஒரு மைக், ஒலியை எண்களாக்கும் சிப், அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் வடிகட்டிகள், மெல்லிய ஒலியைக் கூடுதலாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கும் கணக்கு, கடைசியில் ஒரு குட்டி ஸ்பீக்கர். எல்லாம் சேர்ந்து காது மடலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் அளவுதான். பார்த்ததுமே இது என் துறை என்று தோன்றிவிட்டது.

அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்க வரலாறும் இருந்தது. ஜார்ஜ் வான் பெக்கேஷி, ஹங்கேரியத் தபால் துறையின் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். தொலைபேசிக்காகக் காதை ஆராயப் போய், உள்காதின் நத்தை வடிவக் குழலான காக்ளியாவுக்குள் ஒலி எப்படி அலையாக ஓடுகிறது என்பதைக் கண்டறிந்தார். 1961-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் இயற்பியல் படித்தவர்தான். 1920களில் செவித்திறனை அளக்கும் ஆடியோமீட்டரை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கபோர்க் ஹோக்மயர் மின்பொறியாளர். அவரும் அவர் கணவரும் வடிவமைத்த பல மின்முனைக் காக்ளியர் கருவி 1977-இல் வியன்னாவில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. இந்தப் பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டேன். படிக்கப் படிக்க, பொறியாளர்கள் கட்டிய வீட்டுக்குள் இன்னொரு பொறியாளர் நுழையப் போகிறாள் என்ற நினைப்பு எனக்குள் ஊறிவிட்டது.

இதையெல்லாம் நான் படித்த புத்தகத்தில் ரேமண்ட் கார்ஹார்ட் என்ற பெயரும் இருந்தது. ஆடியாலஜியின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டுச் சத்தத்தில் செவித்திறனை இழந்து திரும்பிய சிப்பாய்கள், பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரில் இருந்த டெஷான் ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். கார்ஹார்ட் அங்கே அவர்களோடு வேலை செய்தார். யாருக்கு எந்தக் கருவி பொருந்தும் என்று பார்ப்பது, அதைப் போட்டுக்கொண்டு பழகச் சொல்லிக் கொடுப்பது, உதட்டசைவைக் கவனிக்கப் பயிற்சி தருவது, வீட்டுக்குப் போய் எப்படி வாழ்வது என்று பேசுவது. அவர் வந்தது பேச்சுத் துறையிலிருந்து. இந்தப் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டிக்கொண்டு போனேன். என் நோட்டில் அவர் பெயர் இல்லை.

ஒரு காலத்தில் இங்கே ஆடியாலஜிஸ்ட் ஆக முதுநிலைப் பட்டம் போதும். இப்போது ஏயூடி என்கிற முனைவர் நிலைப் பட்டம் வேண்டும். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கத்தை ஆஷா என்பார்கள். அதன் சான்றிதழுக்கு 2012 முதல் முனைவர் நிலைப் பட்டம் கட்டாயம். பெரும்பாலும் நான்கு வருடம். கடைசி வருடம் முழுக்க மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ பயிற்சி. பல பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்துப் பொதுவான ஒரு விண்ணப்பத் தளம் இருக்கிறது. மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள், ஏன் இந்தத் துறைக்கு வர விரும்புகிறேன் என்று ஒரு கட்டுரை. வெளிநாட்டில் படித்தவர்கள் தங்கள் மதிப்பெண்களை இங்குள்ள கணக்குக்கு மாற்றித் தரும் நிறுவனம் ஒன்றின் அறிக்கையையும் சேர்க்க வேண்டும்.

வேறு துறையிலிருந்து வருகிறவர்களிடம் இன்னும் இரண்டு விஷயங்கள் எதிர்பார்ப்பார்கள். ஒன்று, சில அடிப்படைப் பாடங்கள்: காது மற்றும் பேச்சு உறுப்புகளின் உடற்கூறு, ஒலிப்பியல், குழந்தைகள் மொழி கற்கும் விதம், ஆடியாலஜி அறிமுகம், புள்ளியியல். சில இடங்களில் சேர்வதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். சில இடங்களில் சேர்ந்த பிறகும் படிக்க விடுவார்கள். இன்னொன்று, ஒரு ஆடியாலஜிஸ்டின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்த்திருப்பது.

நான் இரண்டையும் செய்யவில்லை. சோம்பேறித்தனம் இல்லை. தேவையில்லை என்று உண்மையாகவே நம்பினேன். ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே உருமாற்றம் படித்தவளுக்கு ஆடியாலஜி அறிமுகம் எதற்கு? கிளினிக்கில் ஒரு மூலையில் உட்கார்ந்து, யாரோ பட்டனை அழுத்துவதைப் பார்ப்பதில் என்ன தெரிந்துவிடப் போகிறது? பரிந்துரைக் கடிதம் கூட என் பழைய டீம் லீடரிடம்தான் வாங்கினேன். கொடுத்த வேலையை நேரத்துக்குள் முடிப்பாள் என்று அவர் நல்ல மனதோடு எழுதிக் கொடுத்தார். அதில் காது என்ற சொல்லே இல்லை.

கட்டுரைக்கு மட்டும் ரொம்ப மெனக்கெட்டேன். வெறும் தொழில்நுட்பமாக இருந்தால் எடுபடாது, ஒரு மனிதர் வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் பெரியம்மாவைக் கொண்டு வந்தேன்.

பெரியம்மா பாளையங்கோட்டையில் இருக்கிறாள். அம்மா வேலைக்குப் போன காலத்தில் என்னை வளர்த்தவள். அறுபது தாண்டியதும் காது மந்தமாகத் தொடங்கியது. பெங்களூரில் இருக்கும் அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு போய் நல்ல விலையில் ஒரு காது மிஷின் வாங்கிக் கொடுத்தான். கொஞ்ச நாள் போட்டாள். பிறகு கழற்றி வைத்துவிட்டாள். “இரைச்சலா இருக்காம், பிடிக்கலையாம்” என்று அண்ணன் என்னிடம் சொன்னான்.

இரைச்சல். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். இரைச்சலைக் குறைப்பதுதானே என் வேலை! பேச்சும் இரைச்சலும் எந்த விகிதத்தில் கலந்தால் வயதான காது தடுமாறும், அதைக் கருவி எப்படிச் சமாளிக்க வேண்டும், நான் படித்து வந்தால் பெரியம்மா போன்றவர்களுக்கு எப்படி உதவுவேன் என்று இரண்டு பக்கம் எழுதினேன். நடுவில் பெக்கேஷி வந்தார். கடைசிப் பத்தியில், பெட்டிக்குள் கிடக்கும் பெரியம்மாவின் கருவி வந்தது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு நன்றாக வந்திருப்பதாக நினைத்தேன்.

ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். வீடியோ அழைப்பு. பேராசிரியர் ஒருவர், வயதில் மூத்த பெண்மணி, என் கட்டுரையை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். பொறியியல் பின்னணி பற்றி இரண்டு கேள்வி கேட்டார். உற்சாகமாகப் பதில் சொன்னேன். பிறகு தாளைப் பார்த்தபடி, “உங்கள் பெரியம்மா ஏன் கருவியைக் கழற்றி வைத்தார்?” என்றார்.

“இரைச்சல் தாங்க முடியவில்லை.”

“அது அவர் உங்களிடம் சொன்னதா?”

“இல்லை, என் அண்ணன் சொன்னார்.”

“நீங்கள் அவரிடம் கேட்டீர்களா?”

என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று சொல்ல எனக்குச் சில நொடிகள் ஆயின. அவர் முகம் மாறவில்லை. கண்டிக்கும் தொனியும் இல்லை. தாளில் சின்னதாக ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதற்குப் பின் நான் என்ன பேசினேன் என்பது எனக்கு ஞாபகமில்லை.

இந்தத் துறையில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோடு வரும் இடங்களுக்கு ஏப்ரல் 15 வரை முடிவைச் சொல்ல மாணவர்களுக்கு அவகாசம் தருகின்றன. சித்திரை முதல் நாளுக்கு மறுநாள். எனக்கு முடிவெடுக்க எதுவும் இருக்கவில்லை. எல்லா இடங்களிலிருந்தும் அதற்கு முன்பே மறுப்பு வந்திருந்தது. விண்ணப்பக் கட்டணம், மதிப்பெண் அறிக்கை, கூரியர் என்று செலவழித்த பணமெல்லாம் கணவரின் சம்பளத்திலிருந்து போனது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த நேர்காணல் முடிந்ததுமே நான் பெரியம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேள்வி நியாயமானது என்று ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. என் தகுதியைப் பற்றிப் பேசாமல் குடும்ப விஷயத்தைக் கேட்கிறார்களே என்று கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அந்தக் கேள்வியைத் தவிர தகுதி பற்றிய கேள்வி அந்த நேர்காணலில் வேறு எதுவும் இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த முறைக்கு விண்ணப்பத்தில் இருக்கும் காலி இடங்களை நிரப்பியாக வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு தனியார் கிளினிக்கில் பார்வையாளராக உட்கார அனுமதி கேட்டேன். நோயாளிகளின் விவரங்களை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூலையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

நான் எதிர்பார்த்துப் போனது கருவிகளை. ஒலி புகாத அறை, ஆடியோமீட்டர், திரையில் விழும் வளைகோடுகள். அவையெல்லாம் இருந்தன. 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாக ஒலிக்க விட்டு, எந்த அளவில் காது கேட்கத் தொடங்குகிறது என்று குறிப்பார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. அதைப் படிக்க நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். ஆனால் அங்கிருந்த ஆடியாலஜிஸ்ட் பேச்சுக்குக் கொடுத்த நேரம், பரிசோதனைக்குக் கொடுத்ததைவிட அதிகமாக இருந்தது. மனைவி கணவருக்காகப் பதில் சொன்னால், பொறுமையாகக் கேட்டுவிட்டு நாற்காலியைக் கணவர் பக்கம் திருப்பிக்கொண்டு அதே கேள்வியை அவரிடம் மறுபடி கேட்பார். “எந்தெந்த இடத்தில் கேட்காமல் போவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது?” என்பார். ஒருவர் தேவாலயம் என்றார். ஒருவர் சீட்டாட்ட மேசை என்றார். பேத்தி பின்சீட்டில் உட்கார்ந்து பேசுவது கேட்கவில்லை என்றார் ஒரு தாத்தா. ஆடியாலஜிஸ்ட் அதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்வார். ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் உருவாக்கிய, கோசி என்று சொல்லப்படும் படிவம் அது. நோயாளி தன் வாயால் சொல்லும் ஐந்து இடங்கள் வரை அதில் எழுதலாம். கருவி பொருத்திச் சில வாரம் கழித்து அதே தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த இடங்களில் எவ்வளவு மாற்றம் என்று கேட்பார்கள். சிகிச்சை பலித்ததா என்பதற்கு அதுவும் ஒரு அளவுகோல்.

ஒருநாள் ஒரு மூதாட்டிக்குப் புதிய கருவி கொடுத்தார்கள். சார்ஜ் செய்வது வேண்டாம், பழைய மாதிரி பேட்டரிதான் பழக்கம் என்று அவர் கேட்டு வாங்கியது. ஆடியாலஜிஸ்ட் பேட்டரி அட்டையைக் கையில் எடுத்தார். சட்டைப் பொத்தானைவிடச் சின்னப் பில்லைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிற ஸ்டிக்கர். ஒன்றை உரித்து மேசையில் வைத்தார். “இதில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. காற்று உள்ளே போனால்தான் பேட்டரி வேலை செய்யத் தொடங்கும். உரித்ததும் சில நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். உரித்தபின் மறுபடி ஸ்டிக்கரை ஒட்டினாலும் பயனில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே இருக்கும். அதனால் தேவைப்படும்போது மட்டும் ஒன்றை உரியுங்கள்.” சொல்லிவிட்டு, “இப்போது நீங்கள் செய்யுங்கள்” என்று அட்டையை அவர் கையில் கொடுத்தார்.

மூதாட்டியின் விரல்கள் முடக்குவாதத்தில் வளைந்திருந்தன. நகத்தில் ஸ்டிக்கர் நிற்கவில்லை. நழுவியது. மறுபடி பிடித்தார். ஆடியாலஜிஸ்ட் கை நீட்டவே இல்லை. காத்துக்கொண்டிருந்தார். அறையில் வேறு சத்தம் இல்லை. நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவுக்கும் அதே விரல்கள். காலையில் எழுந்ததும் கை மடங்காமல், வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்த பிறகுதான் அடுப்படிக்குப் போவாள். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும். அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதில் அவள் கை எங்கேயும் வரவில்லை.

அன்று இரவு பாளையங்கோட்டைக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணன் மகள் விடுமுறைக்கு அங்கே போயிருந்தாள். நான் கேட்பதை அவள் ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஆச்சியிடம் காட்ட வேண்டும், அப்படி ஏற்பாடு. காது மிஷினை ஏன் போடுவதில்லை என்று எழுதிக் காட்டச் சொன்னேன்.

பெரியம்மா படித்துவிட்டுச் சிரித்தாள். முதலில் “அது கெடக்கு, விடு” என்றாள். நான் விடவில்லை. பேட்டரி போட முடிகிறதா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“எனக்கு வெரல் மடங்க மாட்டேங்குல்லா. அந்த ஸ்டிக்கர் நகத்துல நிக்கவே மாட்டேங்கு. அதான் பக்கத்து வீட்டுப் பிள்ளைட்டச் சொல்லி எல்லாத்தையும் ஒண்ணா உரிச்சி டப்பால போட்டு வச்சிக்கிட்டேன். சட்டுனு எடுத்துப் போடலாம்லா. ஒரு மாசம் கழிச்சிப் பாத்தா ஒண்ணுலயும் உசுரு இல்ல. வெயில்ல கூட வச்சிப் பாத்தேன். மிஷினு கெட்டுப் போச்சின்னு நெனச்சேன்.”

அண்ணனிடம் சொல்லியிருக்கலாமே என்று எழுதிக் காட்டச் சொன்னேன்.

“அம்புட்டு ரூவா குடுத்து வாங்கிட்டு வந்திருக்கான். கெடுத்துப்புட்டேன்னு எப்படிச் சொல்லச் சொல்லுத? அதான் இரைச்சலா இருக்கு, பிடிக்கலன்னுட்டேன்.”

கொஞ்ச நேரம் நான் எதுவும் பேசவில்லை. பிள்ளை நோட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரைச்சல் என்ற ஒன்றே இருந்ததில்லை. வெட்கப்பட்டு அவள் சொன்ன ஒரு பொய். அந்தப் பொய்யின் மேல்தான் நான் சூத்திரங்களை அடுக்கி, பெக்கேஷியைத் துணைக்கு அழைத்து, பல பேராசிரியர்களுக்கு அனுப்பியிருந்தேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அவள் அந்தக் கருவி இல்லாமல் இருந்திருக்கிறாள். போனில் பேசும்போதெல்லாம் “சரி, சரி, வைக்கட்டா” என்று சீக்கிரம் முடித்துவிடுவாள். வயதாகிவிட்டது, பேச்சில் விருப்பம் குறைந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு முறை இருந்த அழைப்பு மாதத்துக்கு ஒன்றானது அப்படித்தான்.

“என்னட்டி இதெல்லாம் இப்பக் கேக்க?” என்றாள் பெரியம்மா. “நீ இதத்தான படிக்கப் போறேன்ன?”

அண்ணன் அந்த மாதமே ஊருக்குப் போய், சார்ஜ் செய்கிற மாதிரி வேறு கருவிக்கு ஏற்பாடு செய்தான். அது கிடைத்த உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. நீண்ட நாள் ஒலி போய்ச் சேராத காதில், சொல்லைச் சொல்லாகப் பிரித்தறியும் திறனும் மங்குவதுண்டு. சத்தம் வந்தது, பேச்சு பிடிபடப் பல மாதம் ஆனது. கல்யாண வீடுகளில் இப்போதும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறாள். அந்த இரண்டு வருடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

பிறகு நான் விட்டுவைத்த பாடங்களை ஒரு பல்கலைக்கழகத்தின் இணையவழி வகுப்பில் ஒவ்வொன்றாகப் படித்தேன். உடற்கூறு வகுப்பில் மறுபடி பெக்கேஷி வந்தார். அவர் பார்த்தது இறந்தவர்களின் காக்ளியாவை. மேலே வெள்ளித் துகளைத் தூவி, விட்டு விட்டு மின்னும் ஒளியில் அலையைப் பார்த்தார். கண்டது மாபெரும் உண்மை. ஆனால் உயிருள்ள காது அவர் கண்டதைவிட மிகக் கூர்மையாகச் சுருதிகளைப் பிரிக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். 1978-இல் டேவிட் கெம்ப், உயிருள்ள காது தானே மெல்லிய ஒலியைத் திருப்பி எழுப்புகிறது என்று கண்டுபிடித்தார். பிறந்த குழந்தைகளின் காதைச் சோதிக்க இன்று அதுவும் பயன்படுகிறது. கெம்பும் இயற்பியலாளர்தான் என்பதைப் படித்தபோது, முன்பு வந்த பெருமை எனக்கு வரவில்லை. அவர் உயிருள்ளவர்களின் காதில் மைக்கை வைத்துக் கேட்டார் என்பதுதான் மனதில் நின்றது.

கிளினிக்கில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகன் வீட்டுக்கு வந்திருந்த தமிழ் அப்பா ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். சுருதிச் சோதனையில் குறைபாடு அதிகமில்லை. சொற்சோதனையில் மட்டும் தடுமாறினார். இங்கே அதற்கென்று இரண்டு அசைகளும் சமமாக அழுந்தும் சொற்பட்டியல் உண்டு: பேஸ்பால், ஹாட்டாக், கவ்பாய். வாழ்நாளெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த மனிதர் ஹெட்ஃபோனுக்குள் மெல்லக் கேட்கும் ‘ஹாட்டாக்’கை எப்படித் திருப்பிச் சொல்வார்? இரண்டு சோதனைகளின் அளவும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். இங்கே ஒத்துப்போகவில்லை என்பதை ஆடியாலஜிஸ்ட் கவனித்தார். அப்பாவிடமும் மகனிடமும் சம்மதம் கேட்டுவிட்டு, என்னை மைக் முன்னால் உட்காரச் சொன்னார். டயல் அவர் கையில். நான் தமிழில் எண்களைச் சொன்னேன். நாலு, ஏழு, எட்டு, அஞ்சு. சத்தம் குறையக் குறைய அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். அளவு சுருதிச் சோதனையோடு பொருந்திவிட்டது. வேறு இடத்திலிருந்து வருகிற ஒருத்தி இந்தத் துறைக்கு எதைக் கொண்டுவர முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கு என் பி.இ. பட்டம் தேவைப்படவில்லை.

இரண்டாவது கட்டுரையில் ஸ்டிக்கரையும் அந்த எண்களையும் பற்றி எழுதினேன். முதல் கட்டுரையில் பெரியம்மாவைப் பற்றி எழுதியது தவறான தகவல் என்பதையும் எழுதினேன். மீதிப் பாடங்களை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு இடம் கிடைத்தது. இப்போது கடைசி வருடப் பயிற்சியில் இருக்கிறேன். டிஎஸ்பி என்கிற டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங் படித்தது வீண் என்று சொல்ல மாட்டேன். கருவியின் அமைப்புகளைச் சரிசெய்யும்போது தினமும் கை கொடுக்கிறது. ஆனால் அதற்கு வேலை வருவது, நோயாளி பேசி முடித்த பிறகுதான்.

ஈ.சி.இ. படித்தவர்கள், பிசியோதெரபி முடித்தவர்கள், பாட்டு படித்தவர்கள் என்று பலரும் தங்கள் விண்ணப்பக் கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்புகிறார்கள். மகிழ்ச்சியாகப் படிக்கிறேன். அநேகமாக எல்லாவற்றிலும் காது கேட்காத ஒரு தாத்தாவோ பாட்டியோ வருகிறார். நீங்களும் அனுப்புவதாக இருந்தால், முதலில் அவரிடம் போய், எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசுங்கள். அதன் பிறகு கட்டுரையில் மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் மாற்றி எழுதி அனுப்புங்கள்.